கண்ணீர் எடுக்க வந்தவர்கள்

கர்த்தருக்குள் மதிப்பிற்குரிய பிரேமா அத்தைக்கு, ஹெப்சி பணிவோடு எழுதுவது. இங்கே நானும் நைனாவும் யோபு பெரியப்பாவும் சுகம். அங்கே அரக்கோணத்தில் உங்கள் சுகத்துக்காக ஜெபிக்கிறோம். மாமாவின் முட்டிவலிக்காகப் பெரியப்பா தனியாகவே ஜெபித்துவிட்டார், கொஞ்சம் நீளமாக.

கண் முகாமுக்குப் போனதும் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு விரல்தான். கவிப்பிரியா அக்கா என்று சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலை மடக்கி, வலது கண்ணைக் கறகறவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் தலைக்கு மேலே அவரே கட்டிய பேனர். அதில் எருமை அளவு எழுத்தில், ஆகையால் எனக்கே படிக்க முடிந்தது, "கண்ணைத் தேய்க்காதீர்கள்" என்று இருந்தது. அப்போதே தெரிந்துகொண்டேன், இவர்கள் எப்படிப்பட்ட கூட்டம் என்று.

நீங்கள் போனில், "கண்ணுக்கு வைத்தியம் பாக்க மெட்ராசுக்குக் கூட்டிக்கினு போறேன், வரியாடி?" என்று கேட்டீர்கள். நான் "ஆங்" என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வாயைத் திறந்தால் எனக்கு அது ஒன்றுதான் வரும் என்று உங்களுக்கே தெரியும், பக்கத்தில் பெரியப்பா வேறு நின்றுகொண்டிருந்தார். நான் வரமாட்டேன். ஏன் என்று காகிதத்தில் சொல்கிறேன். காகிதம் திரும்பி என் முகத்தைப் பார்க்காது.

நம் சபை மண்டபத்தில் கண் முகாம் என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். அதில் டாக்டர் விஜயராகவன் என்று சுருட்டை முடியோடு ஒருவர் படம். வந்த அன்று அந்தச் சுருட்டை முடியைக் காணவில்லை, ஏனென்றால் ஐயா விடியற்காலையிலேயே நம் திருத்தணி மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, சந்தனம் பூசிக்கொண்டு இறங்கியிருக்கிறார். நம் ஊரில் சந்தனம் பூசிய மொட்டைத் தலையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? வாசலில் நின்ற நைனா, மலையிலிருந்து வந்த யாரோ யாத்திரைக்காரர் இலவசக் கண்ணாடிக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து, டோக்கன் கொடுத்து வரிசையில் உட்காரவைத்துவிட்டார். அவரும் உட்கார்ந்தார். அத்தனை படித்த மனுஷனுக்கு, "நான்தான் டாக்டர்" என்று சொல்ல வாய் வரவில்லை. இதில் மட்டும் அவர் என் ஜாதி. அவர் முறை வந்து, "கண்ணுல என்ன தொந்தரவு?" என்று கவிப்பிரியா அக்கா நிமிர்ந்து பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

பிறகு மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. உடம்பில் செல் இருக்கிறதாம், செல்லுக்கு வெளியே இழை இழையாக ஒரு பின்னல் இருக்கிறதாம், எல்லாரும் செல்லைப் படிக்கிறார்கள், நாங்கள் வெளியே இருக்கிற பின்னலைப் படிக்கிறோம் என்றார். செல்லுக்கு உள்ளே இருப்பதே எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்து சேரவில்லை. இவர்கள் வெளியே நின்றுகொண்டு, வீட்டு ஆளை விட்டுவிட்டுச் சுவரை விசாரிக்கிறார்கள். சபையில் பாதிப் பேர் கொட்டாவி விட்டதும் டாக்டர் பயந்துபோய் ஒரு நெல் மூட்டையை உதாரணத்துக்குப் பிடித்துக்கொண்டார். கோணியில் இழை தளர்ந்தால் நெல் பிதுங்குகிற மாதிரி, கருவிழியில் அந்தப் பின்னல் தளர்ந்தால் கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்குமாம். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஆளுக்கு ஒரு தூக்கம் மிச்சம். கண்ணாடி கிடைக்கும் என்று கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்திருந்த டீக்கடை சேட்டு அண்ணன், "கோணின்னா தெச்சுடலாம் சார், கண்ணை எங்க தெக்கிறது?" என்றார். டாக்டர், "அதுக்குத்தான் உங்க கண்ணீர் எங்களுக்கு வேணும்" என்றார். எந்த மாதிரிக் கண்ணீர் என்று சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அது போதாதா உங்கள் அண்ணனுக்கு. யோபு பெரியப்பா எழுந்து, "கண்ணீர் கேட்டு வந்திருக்காங்க. நம்ம சபையில அதுக்கா பஞ்சம்? எல்லாரும் முழங்கால் போடுங்க" என்று ஆரம்பித்தார். அத்தை, அவர் உபவாச ஜெபத்திலேயே எப்படி அழவைப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு வெளியூரார் முன்னால் வேறு. புஷ்பலதா அக்கா செத்துப்போன பசுமாட்டை நினைத்து அழுதார். சேட்டு அண்ணன் நம் சபையே இல்லை, அவரும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நைனா, டாக்டருக்கு டோக்கன் கொடுத்த பாவத்துக்காக அழுதார். டாக்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் மண்டபமே மூக்கைச் சிந்துகிறது. "ஐயோ, அழுத கண்ணீர் வேணாங்க, தானா ஊறுறதுதான் வேணும். இதுல எல்லாம் நீர்த்துப் போச்சே" என்று மொட்டைத் தலையில் கையை வைத்துக்கொண்டார். கண்ணீரை ஒற்றியெடுக்கக் கண்ணுக்கடியில் மாட்டக் கொண்டுவந்த காகிதத் துண்டெல்லாம் பெட்டியோடு வீண். பெரியப்பா, "இன்னும் வேணும்னாலும் அழுவாங்க" என்று ஆறுதல் சொன்னார்.

அழாதவள் நான் ஒருத்தி. பக்தி இல்லாமல் இல்லை. அழுதால் எல்லாரும் பார்ப்பார்களே, அதனால்தான் அடக்கிக்கொண்டேன். அதுவே வினையாகப் போயிற்று. நல்ல கண்ணீர் இவளிடம்தான் இருக்கிறது என்று என்னை இழுத்துக்கொண்டுபோய், காகிதத்தை மாட்டி, இயந்திரத்தில் தாடையை வைக்கச்சொல்லி, கடைசியில் டாக்டர் தேர் இழுத்து முடித்தவர் மாதிரி சந்தோஷப்பட்டார். என் கண்ணின் படத்தைச் சிவப்பும் நீலமுமாகச் சுவரில் போட்டுக்காட்டினார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கண்ணை ஊரே பார்த்தது. "அய்ய, கண்ணு கோபுரமாட்டம் கூம்பிக்கினு கீதே, இத்த எவன் கட்டுவான்?" என்று புஷ்பலதா அக்கா அழுத மூக்கோடு சொன்னது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இப்படியே விட்டால் இன்னும் பிதுங்கி மங்கிவிடுமாம். விட்டமின் சொட்டு விட்டு ஊதா வெளிச்சம் காட்டினால் இழை இறுகி அதோடு நிற்குமாம். போன பார்வை வராது, இருக்கிறது போகாது. இவ்வளவு படித்து இவ்வளவுதானா.

கவிப்பிரியா அக்கா என்னைத் தனியாக உட்காரவைத்து, "ஏன் படிப்பை விட்டுட்ட?" என்று கேட்டார். போர்டு தெரியாது, முன் பெஞ்சில் போட்டும் தெரியாது, திமிர் என்றார்கள், நின்றுவிட்டேன். இதையெல்லாம் எங்கே சொன்னேன், நைனாதான் சொன்னார். "அப்ப உனக்குப் படிப்பு வரலைன்னு யாரும்மா சொன்னது? போர்டுதான் வரலை" என்றார் அவர். ரொம்பச் சீக்கிரம் வந்து சொல்லிவிட்டார். சொல்லிக்கொண்டே மறுபடியும் கண்ணைத் தேய்த்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "நீங்களே தேய்க்கிறீங்களே" என்றேன். நைனா பயந்துபோய் என்னைப் பார்த்தார். அந்த அக்கா கையைச் சட்டென்று கீழே இறக்கி, "ஆங். எனக்கும் இதேதான். வெளிச்சம் வெச்சு நிறுத்தியாச்சு, பழக்கம்தான் போகலை. நீ எங்க மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்கு வந்தா என் கையைத் தட்டிவிடு, நான் உன் கையைத் தட்டிவிடறேன்" என்று சிரித்தார். அதற்கு ஒரு ஆள் வேண்டுமாம், அதுவும் திருத்தணியிலிருந்து.

பெரியப்பா, போகக் கூடாது என்கிறார். ஜெபத்தில் அழாத கல்நெஞ்சம்தான் கண்ணுக்கு ஏறிவிட்டதாம், அழுது ஜெபித்தால் இறங்கிவிடுமாம். இதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்கிறார். நான் வராததற்குக் காரணம் அவர் இல்லை. அங்கே பெயர் கேட்பார்கள், மேலே பார் கீழே பார் என்பார்கள், படிக்கிற பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள், மறுபடியும் என் கண்ணைச் சுவரில் போடுவார்கள். அழுகிற கண்ணீருக்கும் ஊறுகிற கண்ணீருக்கும் முன்னாலேயே வித்தியாசம் சொல்லத் தெரியாதவர்களிடம் என் கண்ணைக் கொடுக்க மாட்டேன். இதுவே முடிவு. என்னை வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கும் மாமாவின் முட்டிக்கும் சமாதானம் உண்டாவதாக.

கீழ்ப்படிதலுள்ள,
ஹெப்சி

பி.கு.: இதைத் தபாலில் போடத்தான் கிளம்பினேன். போஸ்ட் ஆபீஸில் எந்தக் கவுண்டர் என்று பலகையில் எழுதியிருந்தது. இடது கண்ணை மூடிப் பார்த்தேன், பலகையே இல்லை. நேராக வீட்டுக்குப் போய், மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். நைனாவிடம் சொன்னேன். "ஆங்" என்றார். பெரியப்பாவிடம் அவர் சொல்லிக்கொள்வார். பூக்கூடையோடு நின்ற ஒரு அம்மாளிடம், "இந்த வண்டி அரக்கோணம் போவுங்களா?" என்று நானே கேட்டேன். போகுமாம். இந்தக் கடிதத்தைக் கையில்தான் தருவேன். நீங்கள் உள்ளே வைத்துப் படியுங்கள், நான் வாசலில் நிற்கிறேன். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் மட்டும் நீங்கள் சொல்லிவிடுங்கள். கண் அரிக்கிறது. பேனாவை மூடிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.