நூற்று நாற்பத்திரண்டு கறுப்புக் கட்டங்கள்

ஜார்ஜ் டவுன்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மருமகன் கிளிஃபர்ட்டுக்கு,

அத்தை சவுந்தரம் எழுதுவது. நீயும் ஷேரனும் ஜொகூரில் நலமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே என் முழங்கால் தவிர எல்லாம் நலம். இந்த வாரம் முழங்காலும் வலிக்க மறந்துவிட்டது. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன்.

போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். "ஏன் அத்தை, நூத்தி நாப்பத்திரண்டு பேருக்கும் நீங்களே ஒவ்வொரு பக்கமா டைப் பண்ணிக்கிட்டு இருக்கீங்க? ஒரு சிஸ்டம் போட்டா அதுவே பாத்துக்கும் லா." அன்று வாயில் முறுக்கு இருந்ததால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

எங்கள் ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்துக்கு நீ ஒரே ஒரு இணையப் பக்கம் செய்து கொடுத்துவிட்டு ஜொகூருக்குப் போய்விட்டாய். அதை நான் நகல் எடுத்து, பெயர், படம், தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் செய்தேன். வகுப்பில் பிள்ளைக்கு ஒரு நோட்டுப் புத்தகம் இருக்குமே, அதைப் போல. எல்லா நோட்டுக்கும் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல இன்னொரு பொதுக் கோப்பு இருக்கிறது. அது பள்ளிச் சீருடை அறிவிப்பு மாதிரி. அதில் நீலம் என்று எழுதினால் பள்ளிக்கூடமே நீலம். இந்த வித்தியாசத்தை நீ எனக்கு மூன்று முறை விளக்கினாய். நானும் மூன்று முறை தலையாட்டினேன்.

போன புதன்கிழமை எங்கள் மூத்த உறுப்பினர் நல்லமுத்து சார் தொண்ணூற்றொன்றாவது வயதில் அமைதியாகப் போய்ச் சேர்ந்தார். யாராவது தவறினால் அவர் பக்கத்தைச் சுற்றிக் கறுப்புக் கட்டம் போடுவது என்று செயற்குழுவில் ஏற்கனவே முடிவு செய்திருந்தோம். வியாழக்கிழமை காலை, கண்ணைத் துடைத்துக்கொண்டே, நான் அதைப் போட்டேன். நோட்டில் எழுத வேண்டியதைச் சீருடை அறிவிப்பில் எழுதிவிட்டேன், கிளிஃபர்ட். பிறகு வாட்ஸ்அப் குழுவில், "சாருடைய பக்கத்தைப் பார்த்து அஞ்சலி செலுத்துங்கள்" என்றும் போட்டேன். எல்லோரும் போய் அஞ்சலி செலுத்தினார்கள். செலுத்திவிட்டுத் தங்கள் பக்கத்தையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள்.

முதல் போன் முகம்மது கனி சாருடையது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் அவர் மகனுக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை இருக்கிறது. "டீச்சர், நான் எப்ப மௌத்தானேன்? கடையில உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். மவன் போனைப் பாத்துட்டு கறி ஊத்துறதை நிறுத்திட்டான்" என்றார். வைப்பதற்குள் பெவர்லி டீச்சர். தான் செத்தது பற்றி அவளுக்கு ஒன்றும் வருத்தமில்லை. "அக்கா, சாவுக்குப் போய் அந்த ஐ.சி. அட்டை போட்டோவையா போடுவீங்க? நல்லதா ஒண்ணு கேட்டிருந்தா குடுத்திருப்பேன்ல" என்று அழாக்குறையாகப் பேசினாள். கடைசியாகச் செயலாளர் டெரன்ஸ். "அக்கா, வீட்டுக்கு மலர்வளையம் வந்திருக்கு. என் பொண்டாட்டி கையெழுத்துப் போட்டு வாங்கிட்டா. இதுக்குத்தான் லா நான் சிஸ்டம் வாங்கலாம்னு சொல்றேன்."

தவற்றைக் கண்டுபிடித்து ஒரே வரியை அழித்தேன். அரை நிமிட வேலை. ஆனால் பாதிப் பேருடைய போன் பழைய கறுப்பையே பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டு, மாற மாட்டேன் என்றது. இனி ஒவ்வொருவருக்கும் எப்படி விளக்குவது? ஞாயிற்றுக்கிழமை ஆண்டுக்கூட்டம் வேறு. இரண்டு வருடமாகப் பாதிப் பேர்கூட வராமல் கூட்டம் கலைந்துபோனது உனக்குத் தெரியும். மூன்றாவது முறையும் எழுபத்தொரு பேர் சேராவிட்டால் சங்கத்தையே கலைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. கலைத்துவிட்டால் யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று முறை வைத்துப் போய்ப் பார்க்க ஆளில்லை. நல்லமுத்து சாருக்குப் பிள்ளை குட்டி கிடையாது. கடைசி நான்கு மாதமும் மாலையில் அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டியது எங்கள் ஆட்கள்தான். வியாழன் முழுதும் எனக்கு அந்த நினைப்புத்தான்.

வெள்ளிக்கிழமை காலை குழுவில் இரண்டு வரி போட்டேன். "பக்கத்தைப் பார்த்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம். உயிரோடு இருப்பவர்கள் ஞாயிறு மாலை மூன்று மணிக்கு நேரில் வந்து தெரிவிக்கவும்."

மருமகனே, நூற்றெட்டுப் பேர் வந்தார்கள். மாக் மண்டினிலிருந்து பெர்ரிப் படகு ஏறி ஒரு கூட்டம், பாயான் லெப்பாஸிலிருந்து மகள் காரில், பேரன் காரில் என்று இன்னொரு கூட்டம். பெவர்லி புதுப் புடவையில் வந்து, வாசலிலேயே என்னைப் புதுப் படம் எடுக்க வைத்தாள். நான் பழைய வழக்கப்படி ஒவ்வொரு பெயராக வாசித்தேன். எண்பது வயதுக்காரர்கள் எழுந்து நின்று கை தூக்கினார்கள். உட்கார்ந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரரைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்கள். நல்லமுத்து சார் பெயர் வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றோம்.

பிறகு டெரன்ஸ் சிஸ்டம் பற்றித் தீர்மானம் கொண்டுவந்தான். கனி சார், "தம்பி, சிஸ்டம் இருந்திருந்தா இன்னைக்கு இத்தனை பேர் வந்திருப்போமா? டீச்சர் கையே போதும்" என்றார். தீர்மானம் தோற்றது. சங்கம் பிழைத்தது, நானும் பிழைத்தேன். ஆகவே உன் கேள்விக்குப் பதில்: சிஸ்டம் வேண்டாம். செய்த பிழையை இந்த அத்தை இரண்டாம் முறை செய்ய மாட்டாள்.

உன்னையும் ஷேரனையும் ஆண்டவர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. வேலை வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே.

அன்புடன்,
அத்தை சவுந்தரம்

பி.கு.: கடிதத்தை மடிக்கும் முன் பெவர்லிக்கு இன்று பிறந்தநாள் என்பது நினைவுக்கு வந்தது. அவள் பக்கத்தில் அழகாக ஒரு கேக் படம் வைத்தேன். பத்து நிமிடமாகப் போன் ஓயவில்லை. கனி சார் எனக்கு நன்றி சொல்கிறார், நவம்பரில்தான் தன் பிறந்தநாள் என்றும் சொல்கிறார். நல்லமுத்து சார் பக்கத்தைத் திறக்க எனக்குத் தைரியமில்லை. நீ சொன்ன அந்த சிஸ்டத்தின் பெயரை எழுதி அனுப்பு, டெரன்ஸுக்குத் தெரிய வேண்டாம். அதற்கு முன் ஒன்று செய். உன்னையும் கௌரவ உறுப்பினராகச் சேர்த்திருக்கிறேன் அல்லவா, உன் பக்கத்தைத் திறந்து, அங்கே கேக் இருக்கிறதா, கறுப்புக் கட்டம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்.