தடம் பதிக்கும் உயர்மட்டக் குழு

தொலைந்ததைத் தேடுவது பாமரர் வழக்கம். தேடுவதற்கான நெறிமுறையை வகுக்க ஓர் உயர்மட்டக் குழு அமைப்பதே நாகரிகம். அந்த நாகரிகத்தின் உச்சியை ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தின் மென்பொருள் பிரிவு சென்ற ஆண்டு தொட்டது.

தொலைந்தது பெரிதாக ஒன்றுமில்லை. நூறு அழைப்புகளில் ஒன்று ஓட்டுநரைப் போய்ச் சேராமல் மென்பொருளுக்குள்ளேயே காணாமல் போனது, அவ்வளவுதான். அப்படிப் போன ஒன்றில், படியில் விழுந்த அப்பாவை மடியில் கிடத்திக்கொண்டு ஒரு பெண் முக்கால் மணி நேரம் காத்திருந்தாள். "வண்டி கிளம்பிடுச்சான்னு மட்டும் சொல்லுங்க" என்று அவள் கெஞ்சிய ஒலிப்பதிவைக் கேட்ட நாளிலிருந்து, அழைப்பை வாங்கும் பகுதியை எழுதிய பெண் நிரலாளருக்குச் சோறு இறங்கவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர்.

துருவியின் யோசனை எளிது. கணினியின் அடித்தளத்தில் நடப்பதைக் குறித்துவைக்க வசதி ஏற்கெனவே உண்டு. அதற்கு மேலே ஓடும் தங்கள் மென்பொருளுக்குத்தான் இல்லை. ஒவ்வொரு பகுதியிலும் தடமாக ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: 'இந்த அழைப்பு இங்கே வந்தது, இத்தனை மணிக்கு.' வரிசையாகப் பார்த்தால் எந்த இரண்டு பகுதிகளுக்கு நடுவே தொலைகிறது என்று தெரிந்துவிடும்.

இதற்கென்றே அமைந்த உயர்மட்டக் குழு அசரவில்லை. பதினோரு கூட்டம் போட்டு, அந்த ஒரு வரியை இருபத்து மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டிய தடப்பதிவு "இடைமுகமாக" உயர்த்தியது. முதல் மூன்று கூட்டங்கள் 'நிகழ்வு' என்றால் என்ன என்பதற்கே சரியாகப் போயின.

"நடந்ததுன்னு நாமளே எழுதி வெச்சா, அது நடந்ததா ஆயிடுமே?" என்றார் சட்ட ஆலோசகர்.

"நடந்ததுதானே சார்?" என்றாள் துருவி.

"அதை ஏம்மா நாம சொல்லணும்?"

குழு மெய்சிலிர்த்தது.

அழைப்புகளை வண்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் பகுதியின் தலைவர் இன்னும் நுட்பமானவர். "என் பகுதியில தடம் வெச்சா வேகம் குறைஞ்சிடும். உயிர் விஷயம் பாருங்க" என்றார், தேநீரை ஆற அமர உறிஞ்சியபடி.

"கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது சார்."

"அப்ப உங்க பகுதியில வெச்சுக்குங்களேன்."

வைத்துக்கொண்டாள். மற்றப் பகுதிகளுக்கு 'விருப்பமிருந்தால்' என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. யாருக்கும் விருப்பம் வரவில்லை. துருவி எழுதிய மூன்று ஆட்சேபக் கடிதங்கள் 'நன்றியுடன்' கோப்பில் சேர்க்கப்பட்டன.

இடைமுகம் தொடங்கி வைக்கப்பட்ட வாரமே, தொலைந்த அழைப்பு ஒன்றைப் பற்றிப் புகார் வந்தது. குழுத் தலைவர் அறிக்கையோடு துருவியைக் கூப்பிட்டார்.

"ஆதாரம் தெளிவா இருக்கும்மா. அழைப்பு கடைசியா உங்ககிட்டதான் இருந்திருக்கு. அப்புறம் அதை யாருமே பார்க்கல."

"மத்தவங்க யாரும் தடமே வைக்கலையே சார்! எப்படிப் பார்த்திருப்பாங்க?"

"வெச்ச ஒரே இடத்துல மாட்டியிருக்கு. இடைமுகம் எவ்வளவு துல்லியம் பாருங்க."

"அந்த வீட்டுக்கு வண்டி போச்சா சார்?"

"அது குழுவோட வரம்புல வராதும்மா" என்று சொல்லி, பணிநீக்க உத்தரவை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

குழுவின் சாதனையைக் குறைத்துப் பேசுவது பாவம். நூற்றுக்கு ஓர் அழைப்பு இன்றும் தொலைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால், அவற்றைத் தேடிக்கொண்டிருந்த ஒரே ஆளை இடைமுகம் ஒரே வாரத்தில் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டது.