நாலாம் சடங்குக்கு ஒரு ட்ரவுட்

அவுஸ்திரேலியாக் கண்டத்தில் கால் வைத்த தமிழர்கள் எல்லோரிலும் எனக்கு ஆகக் கூடுதலாகக் கோபம் வரவைத்தவர் ஓவசியர்தான். என் கணவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவருக்கு இரண்டாம் இடம். நடந்தது எழுபதுகளின் நடுப்பகுதியில். இன்றைக்கு எழுத உட்காரும்போதும் எனக்குக் காது சுடுகிறது.

ஓவசியருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். ஒருவரும் கேட்டதில்லை. இலங்கையில் அரசாங்க றோட்டு வேலைகளை மேற்பார்வை செய்தவர். சிட்னிக்கு வந்தபின் ரயில்வேயில் ஏதோ மேசை வேலை. ஆனால் மேற்பார்வையை மட்டும் விடவில்லை. ஸ்ட்ராத்ஃபீல்டில் எங்கேயாவது றோட்டைக் கிண்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றுவிடுவார். "கல்லுக் காணாது, இன்னும் போடவேணும். ஒரு மழைக்குத் தாங்காது" என்று ஆங்கிலத்தில் அதட்டுவார். கழுத்தில் டை கட்டியிருப்பதால் வேலை செய்கிறவர்கள் அவரை யாரோ அதிகாரி என்று நினைத்துத் தேநீர் ஊற்றிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு, சாயமும் காணாது என்று சொல்லிவிட்டு வருவார்.

பக்கத்து வீட்டுக்காரரின் வேலி சரிந்திருக்கிறது என்று, அந்த மனிதர் வேலைக்குப் போன நேரம் பார்த்து, அதைப் பிடுங்கித் திரும்ப நட்டிருக்கிறார். பொலிஸ் வந்தது. வந்த பொலிஸ்காரரின் கையில் ஒரு நூலின் நுனியைக் கொடுத்து, மற்ற நுனியைத் தான் பிடித்துக்கொண்டு, "இப்ப நேராய் இருக்கோ இல்லையோ, நீயே பாத்துச் சொல்லு" என்றாராம். பொலிஸ்காரர் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு போய்விட்டார்.

இப்படிப்பட்ட மனிதரின் வீட்டில்தான் நான் கலியாணப் பெண்ணாக வந்து இறங்கினேன். எனக்கு அப்பா இல்லை. அம்மாவுக்கு விமானச் சீட்டு எடுக்க வசதி இல்லை. மாப்பிள்ளை வாடகை அறையில் தனியே இருந்தவர். தாலி ஏறுமுன் அங்கே போய் நிற்க முடியாது. "பிள்ளை எங்கட வீட்டில நிக்கட்டும்" என்றார்கள் ஓவசியரும் அவர் மனைவி அன்ரியும். முன்பின் தெரியாதவர்கள். வந்த அன்றே நான் பெட்டியை வைத்த இடம் பிழை என்று ஓவசியர் அதை மூன்று தரம் மாற்றி வைத்தார்.

சிட்னியில் அப்போது கோயில் இல்லை. ஈஸ்டர் லீவுக்கு முதல் நாள், வியாழக்கிழமை, ஓவசியர் வீட்டு ஹோலில் கலியாணம். ஐயருக்குப் பதிலாக, மந்திரம் பாடமாக்கியிருந்த ஒரு வங்கிக் கிளாக்கர். ஓமத்துக்கு அடுக்கிய கல் மட்டமாக இல்லை என்று ஓவசியர் பிரித்துப் பிரித்து அடுக்கினார். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கிளாக்கர் மணிக்கூட்டைக் காட்டியதும், "மட்டமில்லாத கல்லில மந்திரம் நிக்காது ஐசே" என்று அவரை அதட்டினார்.

ஒருவழியாகத் தாலி ஏறியது. உடனே என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாள், டொக்டர் பெண்சாதி, ஹோலைச் சுற்றிப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

"பொம்பிளைப் பகுதியில ஆர் வந்திருக்கினம்? ஒருத்தரையும் காணேல்லையே."

கலியாணப் பெண் வாய் திறக்கக் கூடாது. கல் அடுக்கிய தூசியோடு நின்ற ஓவசியர் திரும்பினார்.

"நான்தான் பொம்பிளைப் பகுதி."

"அப்ப நாலாம் சடங்கும் நீங்களோ செய்யப்போறியள்?"

கலியாணத்தில் சைவச் சாப்பாடு. நாலாம் நாள் பொம்பிளை வீட்டார் மச்சம், அதாவது மீனோ இறைச்சியோ, சமைத்து மாப்பிள்ளை வீட்டாரை அழைத்துப் போடவேண்டும். அதுதான் எங்கள் ஊர் நாலாம் சடங்கு. அதைப் போட ஆள் இல்லாதவள் பகுதி இல்லாத பொம்பிளை. பிறகு எந்தச் சண்டையிலும் அந்தச் சொல் முதலில் வந்து நிற்கும்.

"ஓம். ஞாயிறு மத்தியானம் இஞ்ச. எல்லாரும் வாங்கோ" என்றார் ஓவசியர்.

மச்சாள் சிரித்தார். "கடையில வாங்கின ஐஸ் மீனோ?"

ஓவசியரின் மூக்கு விடைத்தது. "ஐஸ் மீனோ? மலை ஏரி ட்ரவுட்! பொம்பிளைப் பகுதி தன்ர கையால பிடிச்ச மீன்! துரைமார் சாப்பிட்டது. நீங்கள் கண்ணால கண்டிருக்க மாட்டியள்!"

சபையில் சொன்ன சொல். அந்த நிமிடத்திலிருந்து என் மானம் ஸ்னோயி மலை உச்சியில், ஏதோ ஓர் ஏரிக்குள் நீந்தத் தொடங்கியது.

ட்ரவுட் பைத்தியம் அவருக்கு நுவரெலியாவில் பிடித்ததாம். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் ட்ரவுட் பிடிக்கப் போகும்போது ஓவசியர் கூடை தூக்கிக்கொண்டு பின்னால் போகவேண்டும். தூண்டிலைத் தொடவிடமாட்டார்கள். சிட்னிக்கு வந்து முதல் சம்பளத்தில் அவர் வாங்கியது தூண்டில். குளிருக்கு உடுப்பு அதற்குப் பிறகுதான் வாங்கினாராம்.

மறுநாள் விடியும் முன்னே, "வெளிக்கிடுங்கோ" என்று கதவில் தட்டினார்.

"நாங்கள் ஏன்?" என்று கேட்டேன்.

"மாப்பிளை எனக்குச் சாமான் தூக்க வேணும். நாலாம் சடங்கு முடியுமட்டும் மாப்பிளையும் பொம்பிளையும் பிரியக் கூடாது. அப்ப நீயும் வாறாய்."

என் கணவரைப் பார்த்தேன். அவர் சப்பாத்துக் கயிறு கட்டுவதில் மிகவும் கவனமாக இருந்தார். இவருக்கு ரயில்வேயில் வேலை எடுத்துக் கொடுத்தவர் ஓவசியர். ஆகவே கயிறு கட்டி முடிய வெகுநேரம் எடுத்தது.

மலையடிவாரத்து ஊரான ஜிண்டபைன் தாண்டி, கார் போகிற இடம் முடிந்து, நடை தொடங்கியது. நான் சேலையில். கழுத்தில் புதுத் தாலிக்கொடி. காலில் அன்ரியின் கன்வஸ் சப்பாத்து. இவர் முதுகில் கூடாரம், அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு, ஓவசியர் இருப்பதற்கு மடக்குக் கதிரை. ஓவசியர் டை கட்டி, தூண்டிலைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். மரங்கள் குட்டையாகி, பிறகு மரமே இல்லாமல் போனது. காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. "இந்தப் பாதையைப் போட்டவனுக்குத் தண்ணி வடியிறதைப் பற்றி ஒண்டும் தெரியேல்ல" என்று மலையையும் மேற்பார்வை செய்துகொண்டு போனார் ஓவசியர்.

வழியில் இவரிடம் மெதுவாகக் கேட்டேன். "இஞ்சாருங்கோ, ஓவசியர் இதுக்கு முந்தி எத்தினை ட்ரவுட் பிடிச்சவர்?"

இவர் மூச்சு வாங்கியபடி சொன்னார். "இன்னும் ஒண்டும் அம்பிடேல்ல."

ஏரிக்கு ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. கோபத்தில் மறந்துவிட்டேன். பாறைக்கு நடுவில் கறுப்பாகக் கிடந்தது. நாங்கள் போய்ச் சேர்ந்த பின்னேரம் காற்று அடங்கியிருந்தது. தண்ணீர் முழுக்க வட்டம் வட்டமாக மீன் எழும்பிக்கொண்டிருந்தது. எனக்கே கை துறுதுறுத்தது. ஓவசியர் கதிரையை விரித்து, உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டார்.

"போடுங்கோவன் தூண்டிலை!" என்றேன்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கு?"

"வெள்ளிக்கிழமை நான் மீன் தொடமாட்டன்."

இந்த மனிதர் வெள்ளிக்கிழமை விடியமுன் எங்களை எழுப்பி, வெள்ளிக்கிழமை முழுக்கக் கார் ஓட்டி, வெள்ளிக்கிழமை மலை ஏற்றியவர். வழியில் ஒரு இடத்திலும் அவருக்குக் கிழமை ஞாபகம் வரவில்லை. மீனைக் கண்டதும்தான் வந்தது.

எதிர்க்கரையில் ஒரு வெள்ளைக்காரர் எறிந்த தூண்டிலுக்கெல்லாம் மீன் இழுத்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர். எங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, கழுவிச் சுத்தம் செய்த ட்ரவுட்டுகளை ஒரு பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து நீட்டினார். இன்றைக்குப் பெரிய வெள்ளி, இறைச்சி தொடமாட்டேன், மீன்தான் சாப்பிடுவேன் என்றார். இன்றைக்கு வெள்ளி, அதனால் மீனைத் தொடமாட்டேன் என்றார் ஓவசியர். இரண்டு பக்திமான்களும் ஒருவரையொருவர் விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"நான் தொடுறன். நான் வாங்கிறன்" என்று கையை நீட்டினேன்.

"வையாதை கையை!" என்று ஓவசியர் பாய்ந்தார். "பொம்பிளைப் பகுதி பிடிச்ச மீன் எண்டு சபையில சொன்னனான். ஆரோ பிடிச்ச மீனைக் கொண்டுபோய் வைக்கிறதோ?"

வெள்ளைக்காரர் பேப்பரோடு திரும்பிப் போனார். போகிற மீனை நான் கண் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று இரவு ஓவசியர் கூடாரத்துக்குள் இலாம்பு வைத்துத் தூண்டில் கட்டினார். ட்ரவுட்டுக்குப் புழு சரிவராதாம். இறகும் நூலும் சுற்றி ஈ மாதிரிச் செய்து முள்ளில் கட்ட வேண்டுமாம். ஏதோ மினுங்குகிறதே என்று கிட்டப் போய்ப் பார்த்தேன். என் கூறைச் சேலைச் சரிகை! கலியாணம் முடிந்து கொடியில் காயப்போட்ட கூறையில் நூல் உருவியிருக்கிறார்.

"நல்ல சரிகை பிள்ளை. காஞ்சிபுரமோ?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை காற்று திரும்பியது. ஐஸ் தூறல். வட்டம் எழும்பிய ஏரியில் ஒரு சுருக்கம்கூட மீனால் வரவில்லை. ஓவசியர் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்று எறிந்தார், இழுத்தார், எறிந்தார். ட்ரவுட்டுக்குக் காது கேட்கும் என்று எங்களைப் பேசவிடவில்லை. சனி மத்தியானத்தோடு கடைகளெல்லாம் பூட்டினால் திங்கள்வரை திறக்காத காலம் அது. ஈஸ்டர் என்றால் கேட்கவே வேண்டாம். கீழே போய் வாங்கவும் வழியில்லை. இறைச்சி எதுவும் வாங்கக் கூடாது என்று அன்ரிக்கும் கட்டளை போட்டுவிட்டு வந்திருந்தார்.

பின்னேரம் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. கலியாணமாகி இன்னும் நாலு நாள் ஆகாத பொம்பிளை, புருஷனுக்கு முன்னால், அந்த மலை எதிரொலிக்கக் கத்தினேன்.

"உங்களுக்கு விசரோ? ஆர் உங்களை ட்ரவுட் கேட்டது? நாளைக்கு மச்சாளுக்கு முன்னால நான் என்னெண்டு முழிக்கிறது? உங்கட வாயால என்ர மானம் போகுது!"

இவர் கூடாரத்துக்குப் பின்னால் போய்விட்டார். ஓவசியர் தண்ணீரில் நின்றபடியே திரும்பினார். உதடு நீலமாகியிருந்தது.

"சத்தம் போடாதை பிள்ளை. மீனுக்குக் காது கேக்கும்" என்றார்.

மீன் இல்லாமல் இறங்கினோம். காருக்குள் சுருண்டு படுத்து, விடிய ஓடத் தொடங்கி, ஞாயிறு மத்தியானம் ஸ்ட்ராத்ஃபீல்டுக்கு வந்தோம். வழி முழுக்க ஓவசியர் றோட்டைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. குசினி அலுமாரியில் அன்ரி தகரத்தில் அடைத்து விற்கிற ரின் மீன் வைத்திருந்தார். என் நாலாம் சடங்குக் கறியை, மலைச் சேறு காயாத சேலையோடு, நானே வைத்தேன். வேறு எந்தப் பொம்பிளைக்கும் இந்தக் கொடுமை நடந்ததாக நான் கேள்விப்படவில்லை.

மாப்பிள்ளைப் பகுதி வந்து இருந்தது. முறைப்படி பொம்பிளைப் பகுதிதான் பரிமாற வேண்டும். ஓவசியர் டையைச் சரிசெய்துகொண்டு கறிச் சட்டியைத் தூக்கிவந்து மச்சாளுக்கு முதலில் போட்டார். மச்சாள் விரலால் கறியைப் புரட்டினார்.

"இது ரின் மீனெல்லோ? நாலாம் சடங்குக்கு ரின் மீன்! பொம்பிளைப் பகுதி இவ்வளவுதானோ?"

இப்போது வெடிப்பார் என்று பார்த்தேன். பொலிஸ்காரரையே நூல் பிடிக்கவைத்த மனிதர். அகப்பையோடு நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிரில் நின்ற கால் வீங்கி, சப்பாத்து ஏறாமல் வெறுங்காலோடு நின்றார். மூன்று நாளாக வந்த கோபமெல்லாம் ஒன்றுமில்லை என்கிற மாதிரி ஒரு கோபம் அப்போது எனக்கு வந்தது.

"ஓம் மச்சாள், ரின் மீன்தான்" என்றேன். "என்ர மாமா எனக்காக ஐஸ் தண்ணிக்குள்ள நாள் முழுக்க நிண்டவர். மீன் வரேல்ல. அது மீன்ர பிழை. சாப்பிட விருப்பமெண்டால் சாப்பிடுங்கோ. இல்லாட்டிக் கையைக் கழுவிப்போட்டு எழும்புங்கோ."

அப்போது என் கணவர், கலியாணமாகி முதல் தடவையாக உருப்படியான வேலை ஒன்று செய்தார். சாப்பாட்டுக் கோப்பையை நீட்டி, "எனக்கு இன்னும் கொஞ்சம் போடுங்கோ மாமா" என்றார். மச்சாள் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சோற்றைப் பிசைந்தார். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டார் என்பதையும் இங்கே பதிவு செய்துவைக்கிறேன்.

எல்லோரும் எழும்பிய பிறகு ஓவசியரைக் கதிரையில் இருத்தி நான் பரிமாறினேன். தலை நிமிராமல் ஒரு வாய் வைத்தார். மென்றார். யோசித்தார்.

"உப்புக் காணாது பிள்ளை" என்றார்.

எனக்கு மறுபடியும் பத்திக்கொண்டு வந்தது. அவர் கேட்காமலே இன்னும் இரண்டு அகப்பை கறி போட்டேன்.