சிங்கப்பூர் போய்வந்த டிசைனர்

"ஏங்க, சட்டையெல்லாம் தோல் நாத்தம் அடிக்குது. சிங்கப்பூர்ல தோல் கிடங்குலயா தங்கினீங்க?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டாள் லோகநாயகி.

சம்பத்துக்குச் சுருக்கென்றது. அங்கேதான் தங்கியிருந்தார். சிங்கப்பூரில் அல்ல, பல்லாவரத்தில்.

"அது ஏர்கண்டிஷன் வாசனைடி! நாலு இடம் பாத்திருந்தாத்தானே தெரியும்!" என்று சீறினார்.

பாவம், அவரை மட்டும் குற்றம் சொல்லி என்ன பயன்? கிழக்குத் தாம்பரத்தில் வீட்டு ப்ளான் போட்டுப் பிழைக்கிற மனுஷன், வெளிநாட்டுக் கட்டடங்களைப் பார்க்க ஆசைப்பட்டது தப்பா? ஏஜென்ட் என்ற படுபாவி கொடுத்த டிக்கெட் போலி என்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் கையை விரித்துவிட்டார்கள். வெளியிலோ தெருவே வேன் பிடித்து வழியனுப்ப வந்து நிற்கிறது. ரோஜா மாலை போட்டு, போட்டோ எடுத்து அனுப்பியவர்கள் முன்னால் எந்த முகத்தோடு திரும்பி வருவது? வேறு வழியாக நழுவி, பல்லாவரத்து சிநேகிதனின் தோல் கிடங்கில் பத்து நாள் பதுங்கி, பர்மா பஜாரில் ஃபாரின் சென்ட் பாட்டில் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாராவது சிங்கப்பூரைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், அவர்கள் கேட்பதற்கு முன்பே தாம்பரத்தைத் திட்டத் தொடங்கினார்.

"இதெல்லாம் ஒரு ஊரா? வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில கம்பி நீட்டிக்கிட்டு நிக்குது. கேட்டா, பின்னாடி மாடி எடுப்பாங்களாம்! அங்க ஒரு கட்டடத்துலயாவது கம்பி வெளிய தெரியுமா? த்தூ!"

இந்தக் கோபம் பெருங்களத்தூர் ஜெயவேலுவின் காதுக்கு எட்டியது. வயலை மனையாக்கி விற்றவர். இப்போது கல்யாண மண்டபம் கட்டத் துடித்துக்கொண்டிருந்தார்.

"சார், மண்டபத்துக்கு ப்ளான் நீங்கதான். ஞாயித்துக்கெழம நம்ம ஜனங்க முன்னாடி சிங்கப்பூர் பத்திப் பேசுங்க. அங்கியே வேலைய உறுதி பண்ணிடறேன்."

சம்பத்தின் பிழைப்பில் இவ்வளவு பெரிய வேலை வந்ததே இல்லை. உச்சி குளிர்ந்து தலையாட்டினார்.

"தலைமை நம்ம எட்மண்ட். எட்டு வருசம் சிங்கப்பூர்ல இருந்துட்டு வந்தவரு."

குளிர்ந்த உச்சி உடனே வேர்த்துவிட்டது.

"போட்டோ எல்லாம் கஸ்டம்ஸ்காரன் பிடுங்கிட்டானே! போட்டோ இல்லாம எப்படிப் பேசறது?" என்று நழுவப் பார்த்தார்.

"அதுக்கின்னா? நீங்க ஒண்ணொண்ணா சொல்லுங்க. நெசமா இல்லியான்னு எட்மண்டையே கேட்டுக்கறோம்!"

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட ஹாலில் நிற்க இடமில்லை. மேடையில் கறுப்புக் கண்ணாடியோடு எட்மண்ட். சம்பத் எழுந்தார். பயத்தை மறைக்கக் கோபத்தை விட்டால் கதியில்லை.

"அங்க ரோட்ட தினம் கழுவறான்! இங்க பெருக்கறதுக்கே ஆளு கெடையாது!"

"நெசமா எட்மண்டு?" என்றார் ஜெயவேலு.

"ஆமா. சோப்பு போட்டுக் கழுவுவான்."

சம்பத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. சரி, இந்த மனுஷன் ஆழம் பார்க்கிறான், கடைசியில் மானத்தை வாங்குவான் என்று நினைத்தபோது ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. வாயில் வந்ததையெல்லாம் அள்ளி வீசினார்.

"முப்பது மாடிக் கட்டடம்! அதோட மொட்டை மாடியில பஸ் ஸ்டாப்பு! நாம இன்னும் ஜி.எஸ்.டி. ரோட்டுல பஸ் படியில தொங்கறோமே, வெக்கமா இல்ல?"

எல்லாரும் எட்மண்டைப் பார்த்தார்கள்.

எட்மண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் டெய்லி அந்த பஸ்லதான் வேலைக்குப் போவேன்."

"இத்தினி வருசமா நீ சொல்லவே இல்லியே?" என்றார் ஜெயவேலு.

"சொன்னா நம்பிடுவீங்களா?" என்று எரிந்து விழுந்தார் எட்மண்ட்.

கைத்தட்டலில் கூரை அதிர்ந்தது. மண்டப வேலை சம்பத்துக்குத்தான் என்று ஜெயவேலு மேடையிலேயே அறிவித்தார். ஆள் தப்பித்தால் போதும் என்று சம்பத் பின்வாசல் வழியாக வெளியேறினார். எட்மண்ட் துரத்தி வந்து கையைப் பிடித்துவிட்டார்.

"எட்மண்ட் சார், நான் குடும்பஸ்தன்... ஒரு விஷயம் சொல்லிடறேன்..."

எட்மண்ட் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொத நீங்க பேசினத இன்னொரு தபா மெதுவா சொல்லுங்க சார், மனசுல ஏத்திக்கறேன். நான் எங்க சிங்கப்பூர் பாத்தேன்? எட்டு வருசமும் பம்பாய்லதான இருந்தேன்!"