சிசெலின் குளிர்

நாவலாசிரியர் லின்டாலைக் கல்நெஞ்சக்காரர் என்று ரொட்டிக்கடை மெட்டே சொல்லித் திரிகிறாளே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எழுதும்போது அழுது அழுது அவர் நனைத்த கைக்குட்டைகளை வாராவாரம் துவைத்தவள் நான். கல்நெஞ்சில் அவ்வளவு தண்ணீர் இருக்குமா?

ஏழைகளுக்காக எழுதுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஜட்லாந்துக் கரையில் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பாதிரியார் வீட்டு விருந்தில் வாத்துத் தொடையைக் கையில் பிடித்தபடியே பட்டினியைப் பற்றிப் பேசி, பேசிய வேகத்தில் இன்னொரு துண்டு கேட்டு, பண்ணையார்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, அந்தப் பண்ணையாரின் வண்டியிலேயே வீடு திரும்புவார். நல்லவர். குறை சொல்லாதீர்கள்.

லின்டால் அப்போது எழுதிக்கொண்டிருந்தது, குதிரைக் கொட்டிலுக்கு மேலே கணப்பில்லாத அறையில் தூங்கும் ஒரு வேலைக்காரப் பெண்ணின் கதை. அவர் வீட்டு வேலைக்காரி சிசெல் தூங்கியதும் அப்படித்தான். போன குளிரில் இருமியே பாதியாகிவிட்டாள். இந்த முறை கணப்பு மூட்டாவிட்டால், வேலைக்காரர்கள் எல்லாம் வீடு மாறுகிற நவம்பர் முதல் தேதி தானும் மாறிவிடுவதாகச் சொல்லிவிட்டாள்.

அவர் மறுத்தாரா? கணப்பு அடுப்பை வாங்கிக் கீழே கொட்டிலில் வைத்தும்விட்டார். ஏழாம் அத்தியாயம் முடியட்டும் என்றார், அவ்வளவுதான்.

"இப்பவே மூட்டிட்டா, குளிரு எப்படி இருக்குன்னு நான் யாரைக் கேட்டு எழுதுறது, சிசெல்?"

"ஒரு ராத்திரி நீங்களே மேல படுத்துப் பாருங்கய்யா."

"எனக்கு நெஞ்சுல சளி கட்டிக்கும்மா."

உண்மைதான். அவருக்கு உடம்பு பூஞ்சை.

முதல் தேதியும் வந்தது. மெட்டே தன் ரொட்டி அடுப்புக்குப் பின்னாலேயே அவளுக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருந்தாள். சிசெல் தன் மரப்பெட்டியை இழுத்துக்கொண்டு ஈரக்காற்றில் இறங்கினாள். லின்டாலும் கதவைத் திறந்துபோட்டுவிட்டு, வீட்டுச் செருப்போடு பின்னாலேயே ஓடினார். பெட்டிக்கு ஒரு கை கொடுக்கத்தான் என்று நினைத்தேன். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு நின்றார்.

"வீட்டை விட்டுப் போறப்ப மனசுக்கு எப்படி இருக்கு, சிசெல்?"

"பெட்டி கனமா இருக்குய்யா."

அதையும் சட்டைக் கையிலேயே எழுதிக்கொண்டார்.

புத்தகம் வந்ததும் அந்த இடத்தைப் படித்துத் தலைநகரமே அழுததாம். நீங்களும் இப்போது உச்சுக்கொட்டியிருப்பீர்கள். ரொம்ப இளகிய மனசு உங்களுக்கு.

அவருக்கும் அப்படித்தான்.