நான்காம் பத்தி

உலகில் இதுவரை எழுதப்பட்ட உரைநடையில் ஈடு இணையற்றது மறுப்பறிக்கைதான். காவியத்துக்கு ஒரு வீரன் வேண்டும். ஒப்பாரிக்கு ஒரு பிணம் வேண்டும். மறுப்பறிக்கைக்கு ஓர் அமைச்சர் போதும்.

அந்தக் கலையின் முடிசூடா மன்னர், அமைச்சர் அலுவலகத்தில் அறிக்கை எழுதும் எழுத்தர். சக ஊழியர்கள் வைத்த பெயர் 'மறுப்பு மாமா'. ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. பதினோரு ஊழல்களை நான்கே பத்திகளில் கரை சேர்த்தவர். முதல் பத்தியில் அமைச்சர் அதிர்ச்சி அடைவார். இரண்டாவதில் எதிரிகளின் உள்நோக்கம் அம்பலமாகும். மூன்றாவதில் அமைச்சரின் வாழ்க்கை திறந்த புத்தகமாகிவிடும். நான்காவதில், கீழ்நிலை ஊழியர் ஒருவர் அன்றே பணியிடை நீக்கம் செய்யப்படுவார். அந்த ஊழியரின் பெயரை அமைச்சரின் உதவியாளர் துண்டுச்சீட்டில் எழுதித் தருவார். மாமா அதை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்வார், ஆளாகப் பார்க்கமாட்டார். அது 'தொழில் தர்மம்'.

பன்னிரண்டாவது ஊழல் அரசு மருத்துவமனையில் கிளம்பியது. ஆறு மாதத்துக்கு முன் அமைச்சர் ரிப்பன் வெட்டிய லிஃப்ட்டுக்குக் கதவு இருந்தது, பொத்தான் இருந்தது, அழுத்தினால் சிவப்பு விளக்கும் எரிந்தது. நோயாளி ஒருவரின் மகன் பொறுமை இழந்து கதவை நெம்பித் திறந்தான். பின்னால் சுவர். வெள்ளையடித்த, குறை சொல்ல முடியாத சுவர்.

அமைச்சர் நிருபர்களை முகமலர்ச்சியோடு சந்தித்தார்.

“லிஃப்ட் இல்லைன்னு யார் சொன்னது? வரலைன்னுதானே சொல்றாங்க? பஸ் வரலைன்னா பஸ்ஸே இல்லைன்னு ஆயிடுமா?”

“உள்ள சுவர் இருக்கே ஐயா?” என்றார் ஒரு பெண் நிருபர்.

“பாதுகாப்பும்மா. யாரும் தவறி விழுந்துடக் கூடாதுல்ல?”

அந்தப் பேட்டியை வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்த மாமாவின் மனைவி, முழங்காலில் தைலம் தேய்ப்பதை நிறுத்தினார். வாரம் இரண்டு நாள் அங்கே மூன்றாவது மாடியில் அவருக்கு முட்டி வைத்தியம்.

“என்னங்க, ஆறு மாசமா அந்தப் பொத்தானை அழுத்தறேன். கடைசியில அறுபத்து நாலு படி ஏறித்தான் போறேன்.”

“கொஞ்ச நேரம் காத்திருந்து பாத்திருக்கலாம்ல?” என்றார் மாமா. வீட்டிலும் அவர் கடமை தவறியதில்லை.

மறுநாள் அலுவலகத்தில் மூன்று பத்திகள் அருவியாகக் கொட்டின. உதவியாளர் சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். மாமா வழக்கம்போல் எழுத்துகளைத் தட்டினார். எழுதியதை அமைச்சர் முன் உரக்கப் படித்துக் காட்டுவது அங்கே மரபு.

“‘இல்லாத லிஃப்ட்டுக்குத் திறப்பு விழா அழைப்பிதழும் வாழ்த்துரையும் எழுதிக் கொடுத்து, வெள்ளை உள்ளம் கொண்ட அமைச்சரை நம்பவைத்த…’”

மாமா படிப்பதை நிறுத்திவிட்டார்.

“ஏன் நிறுத்திட்டீங்க? அந்த இடத்தை ஒரே மூச்சுல படிக்கணும்னு நீங்கதானே சொல்வீங்க?” என்றார் அமைச்சர்.

“ஐயா, இது என் பேரு.”

“தெரியும் மாமா. வெளியாள் பேரைப் போட்டா எனக்கு மனசு உறுத்தும். நீங்க நம்ம ஆளு.”

“நாலு மாசத்துல ரிட்டயர்மென்ட் ஐயா. பென்ஷன் நின்னுடும்.”

“விசாரணை முடியறவரைக்கும்தானே மாமா?” என்று ஆறுதல் சொன்னார் உதவியாளர்.

“இதுவரைக்கும் பதினோரு விசாரணை. எது முடிஞ்சிருக்கு?”

“எதுவும் முடியல. அதனாலதான் இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரையும் நாம குற்றவாளின்னு சொன்னதில்ல. அந்தப் பெருமையில உங்களுக்கும் பங்கு உண்டு” என்றார் உதவியாளர்.

இதை மறுக்க மாமாவால் முடியவில்லை. மூன்றாம் பத்தியில் விட்டுப்போன ஒரு காற்புள்ளியை வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் தொலைக்காட்சி நான்காம் பத்தியை வாசித்து முடித்திருந்தது. மனைவி சத்தத்தைக் குறைத்தார்.

“லிஃப்ட்டை முழுங்கினது நீங்கதானாமே? எங்க வச்சிருக்கீங்க? நாம இருக்கறது கீழ் வீடுல்ல?”

“விளையாடாதே. எல்லாம் பொய்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். யார் எழுதினது?”

“…நான்தான்.”

மனைவி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார்.

“அந்தப் பதினோரு பேரும் இப்படித்தான் வீட்ல வந்து நின்னு, எல்லாம் பொய்னு சொல்லியிருப்பாங்க, இல்ல?”

மாமா வாயைத் திறந்தார். அதிர்ச்சி வந்தது. உள்நோக்கமும் நாக்கு நுனிவரை வந்தது. நான்காம் பத்திக்குத்தான், அந்த வீட்டில் அவருக்குக் கீழே ஆள் இல்லை.