கிடாயை அறுத்தவன் தகப்பனா?

கெனிஃப்ரா,
வெள்ளிக்கிழமை.

தூரத்துத் தாக்லா துறைமுகத்தில் மீன் படகில் வேலை செய்யும் என் அண்ணன் மகன், ரத்தத்தைக் கண்டால் சரிந்து விழும் மாவீரன் மிமூனுக்கு உன் அத்தை மஹ்ஜூபாவின் சலாம். அல்லாஹ் உனக்கு நல்ல சுகத்தையும், போனை எடுக்கிற புத்தியையும் கொடுக்கட்டும். இங்கே நான் நலம், என் முழங்கால் நலமில்லை, உன் அம்மா நலம், அவள் வாய் ரொம்பவே நலம். பள்ளிவாசலில் பெண்களுக்கு எழுத்துச் சொல்லித்தந்த குளிர்காலத்தில் நான் பாதி நாள் அடுப்புப் பக்கமே உட்கார்ந்திருந்தவள், ஆகையால் பிழை கண்டால் சிரித்துவிட்டு மேலே படி. சிரிக்காமல் படிக்க வேண்டிய இடமும் வரும்.

விஷயம் என்னவென்றால், உன் மகள் ஷமாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம், நானும் உன் பெண்டாட்டி யாம்னாவும். பிள்ளைக்கு ரெட்டைப் பின்னல், புதுச் செருப்பு. பெரிய டீச்சர் "அப்பா பேர் என்னம்மா?" என்று கேட்டாள். பிள்ளை தெருவே கேட்கிற மாதிரி "மிமூன்!" என்றது. "அது தாள்ல இருக்கணும்மா" என்றாள் அவள். "அந்தத் தாள் எந்தக் கடையில விக்கும்?" என்று கேட்டதே உன் மகள், டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டேன். நீ செய்த கல்யாணம் அப்படி! ஃபாத்திஹா ஓதியாச்சு, ஊருக்கு கூஸ்கூஸ் போட்டாச்சு, பத்திரம் எழுதுகிற அதூல்மாரைக் கூப்பிடச் சொன்னால் "அடுத்த சீசனுக்குப் பார்க்கலாம் அத்தை" என்றாய். எத்தனையோ சீசன் வந்து போச்சு, மீனெல்லாம் குஞ்சு பொரித்துப் பேரன் எடுத்தாச்சு, உன் பிள்ளைக்குத்தான் அப்பா தாளில் இல்லை.

சரி, கோர்ட்டுக்குப் போவோம் என்று போனோம். பெண்கள் சங்கத்து வக்கீல் பெண் ஒருத்தி, காசு வாங்காதவள், "சாட்சிகள் வந்து ரெண்டு பேரும் புருஷன் பெண்டாட்டின்னு சொன்னாப் போதும்" என்று தைரியம் சொன்னாள். நம் தெருவே வண்டி பிடித்து வந்தது. நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, பிள்ளைக்கு ஏழாம் நாள் பேர் வைத்தபோது கிடாய் அறுத்தது யார் என்று கேட்டார். தகப்பன்தானே அறுப்பான், அதனால் கேட்டிருக்கிறார். நம்ம ஆட்கள் குர்ஆன் மேல் ஆணை வைத்தவர்கள், பொய் சொல்வார்களா? ஒருத்தர் விடாமல் "கசாப்புக்கடை புவஸ்ஸாதான் ஐயா" என்றார்கள்!

"அப்ப தகப்பன் யாரு?"

"மிமூன் ஐயா."

"அவன் ஏன் அறுக்கல?"

"கத்தியைத் தீட்டும்போதே மயங்கிட்டான் ஐயா, நாங்க தண்ணி தெளிச்சோம்."

புவஸ்ஸாவைக் கூப்பிட்டார்கள். அவன் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறான். "பிள்ளை பேரைச் சொல்லி அறுத்தது நீதானா?" "என் கையாலதான் ஐயா! இந்த ஊர்ப் பிள்ளைங்கள்ல பாதி நம்ம கைதான்." பின்னாலிருந்த அவன் பெண்டாட்டி, "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றாள். கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை மிமூன். யாம்னாவும் சிரிக்கவில்லை.

"ஆட்டைப் பார்த்து மயங்கினவன் இன்னைக்கு எங்கே?" என்று நீதிபதி கேட்டார். உன் அம்மா எழுந்து, "அந்தப் பிள்ளை மூக்கு எங்க வம்சத்து மூக்கே இல்ல" என்றாள். அது உன் மூக்கு, உன் மூக்கு அவள் மூக்கு, ஊரில் குருடனுக்கும் தெரியும். பிள்ளைக்குப் பங்கு வந்து வீடு கைவிட்டுப் போய்விடுமே என்று பயம் அவளுக்கு.

வெளியே வந்து வக்கீல் பெண் தணிந்த குரலில் சொன்னாள். அடுத்த திங்கட்கிழமை தகப்பன் வந்து "என் பிள்ளைதான்" என்று வாயால் சொல்லாவிட்டால், நீதிபதி கல்யாணமே நடக்கவில்லை என்று எழுதலாம். கல்யாணம் இல்லையென்றால் பிள்ளை எப்படி வந்தது என்று அடுத்த கேள்வி வரும். அதைப் போலீசும் கேட்கலாம், கல்யாணமில்லாத உறவுக்குச் சட்டத்தில் ஜெயில் உண்டாம். அன்றிலிருந்து வாசலில் வண்டி நின்றால் யாம்னா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளறைக்குப் போகிறாள். நேற்று வந்தது காஸ் சிலிண்டர்க்காரன். நான் கேலி செய்தேன். அவள் உள்ளறைத் தாழ்ப்பாளைத் திறக்கவேயில்லை.

இதற்கு நடுவில் உன்னோடு வேலை செய்த பையன் ஊருக்கு வந்து, நீ ஸ்பெயின்காரன் தீவுக்குக் கள்ளப் படகில் இடம் பிடித்துவிட்டாய் என்கிறான். அட மடையா, வாளித் தண்ணீரில் கால் வைக்கவே பயந்தவன் நீ! போனவர்கள் எத்தனை பேர் கரை சேரவில்லை என்று உனக்குத் தெரியாதா? நீ போய்ச் சேர்ந்தால் போனாவது பண்ணுவாய். சேராவிட்டால், செத்தவன் வாயிலிருந்து "என் பிள்ளை" என்கிற சொல்லை நான் எப்படிப் பிடுங்குவேன்? உன் வீட்டில் ஷமாவுக்கு ஒரு செங்கல் உண்டா? நாளைக்குப் பொண்ணு கேட்டு வருகிறவனிடம் யார் மகள் என்று சொல்வோம்? உனக்காக துஆ கேட்கக்கூட அவளுக்கு உரிமை இல்லை என்பாள் உன் அம்மா. அதனால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, திங்களுக்குள் பஸ் ஏறி வந்துவிடு. கோர்ட்டில் மயக்கம் வந்தால் பரவாயில்லை, சொல்லிவிட்டு மயங்கு.

உனக்கு நல்ல காற்றும் நல்ல கரையும் அமையட்டும், உன் நிழல் எங்கள் வாசலில் விழட்டும். உன்னைத் திட்டவும் உனக்காக அழவும் சமமாக உரிமையுள்ள அத்தை,
மஹ்ஜூபா.

பி.கு: மேலே வா வா என்று எழுதினதை எல்லாம் விடு, வர வேண்டாம். வக்கீல் பெண் இப்போதுதான் வந்து சொன்னாள், நீ இருக்கிற தாக்லாவிலேயே அதூல்மார் முன்னால் போய் "என் பிள்ளை" என்று சொல்லி எழுதிக்கொடுத்தாலும் செல்லுமாம். லாரிக்காரனிடம் கொடுக்க வைத்திருந்த இந்தக் கடிதத்தை யாம்னாவே வாங்கிக்கொண்டாள். பிள்ளையோடு இன்றைக்கே பஸ் ஏறுகிறாள். ஷமாதான் இதை உன் கையில் கொடுப்பாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு மூன்று பேரும் உடனே அதூல்மாரிடம் கிளம்புங்கள்.

இதைப் பிரித்தது மிமூன் இல்லை, அவன் அறையில் இருக்கிற வேறு யாரோ என்றால், தம்பி, சத்தமாகப் படிக்காதே. உன் எதிரே நிற்கிற தாய்க்கும் மகளுக்கும் எழுத்துத் தெரியாது. முகத்தை மாற்றாமல், உட்காரவைத்துத் தேநீர் கொடு. அப்புறம் வெளியே போய் எனக்கு போன் போடு. நான் எடுப்பேன்.